பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

வேளைக்குச் சாப்பிடு. வண்டியில் போனால் ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொள். தம்பியும் அன்று தலையில் வைத்துத்தான் இருந்தான், பட்டையைத்தான் மாட்டவில்லை.

அவனை வேலூருக்கு அழைத்துப்போய் வந்தோம். அடிபட்ட அன்று, நினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் கோமா அளவு 15க்கு 6 என்றார்களே, 8-ம் அதற்குக் கீழும் இருந்தாலே கடுமையான அடியாம். இப்போது ஞாபகமும் யோசனையும் எப்படி இருக்கிறது என்று டெஸ்ட் எடுத்தார்கள், குழப்பமெல்லாம் தெளிந்த பிறகுதான் இதை எடுப்பார்களாம். சீக்கிரம் களைத்துப்போகிறான் என்று இரண்டு நாள், காலையில் மட்டும் வைத்தார்கள். எண்களைச் சொல்லி, தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சிவப்பு வெள்ளைக் கட்டைகளைப் படத்தில் இருப்பதுபோலவே அடுக்கினான். ஒரு கதையை அரை மணி கழித்துக் கேட்டபோது மட்டும் பாதி போய்விட்டது. ஐ.க்யூ. 94. மண்டிக் கணக்கை மனதிலேயே போட்டவனல்லவா!

ஆனால் டெஸ்ட் வைத்த சைக்காலஜிஸ்ட், "இங்கே அமைதியான அறை, நான் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், செய்கிறார். வீட்டில் யாரும் சொல்லாமல் எழுந்து பல் தேய்க்கிறாரா?" என்று கேட்டார். நெற்றிப் பக்கம் மூளையில் அடிபட்டால் அறிவு இருந்தாலும், தானாக ஒன்றைத் தொடங்குவது போய்விடலாமாம்.

குளிப்பது, மாத்திரை, கடையில் சில்லறை எண்ணுவது, பஸ் ஏறுவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே போனார்கள். எல்லாவற்றுக்கும் "அவனே செய்வான்" என்றேன். பொய், பாப்பா. மாத்திரையை நான்தான் கையில் வைக்கிறேன். கதவுக்கு வெளியே நின்று "சோப்பு போடு" என்று சொல்கிறேன். தாளில் எழுதிவிட்டால் அப்படியே நிலைத்துவிடும் என்று பயந்துவிட்டேன். அதை வைத்துத்தான் பயிற்சி கொடுப்பார்களாம். என் பெருமைக்காக அவன் வைத்தியத்தைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

நீ பணம் அனுப்புவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. பொங்கலன்று அவன் ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டான். அதற்கப்புறம் நீ வீடியோவில் வரவில்லை. வேலை இருக்கும், சரி. அவனும் அக்கா எங்கே என்று கேட்பதில்லை. பாசம் போய்விட்டது என்று நினைக்காதே. அவனுக்குத் தானாகக் கேட்க எழும்பவில்லை.

வியாழக்கிழமை மறுபடி போகிறேன், உள்ளதைச் சொல்ல. முன்பு அவன் எப்படி இருந்தான் என்று கூடப்பிறந்தவளையும் கேட்க வேண்டுமாம். பத்து மணிக்கு உனக்குப் போன் வரும். எடு. பட்டையை மாட்ட மறக்காதே.

அம்மா