தங்கச்சிக்கு, பத்தாவது வருடத்தில்

தங்கச்சிக்கு,

‘கிறிஸ்துவுக்குள் பிரியமான’ என்றுதான் முதலில் எழுதினேன். கைப்பழக்கம். அப்புறம் அழித்துவிட்டேன். சபைக்கு எழுதும்போது அப்படி ஆரம்பிக்கலாம், உனக்கு வேண்டாம்.

உன் மகன் போய் நாளையோடு 10 வருடம். நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை; என்னைவிட உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் நமக்குள் நடந்த பேச்சையும் இங்கே எழுத மாட்டேன். இதைச் சபையார் படிப்பார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் படிப்பார்கள். பிறகு ஏன் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறாய் என்று கேட்பாய். உனக்குத் தனியாக அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது, அது ஒரு காரணம். இன்னொன்று, உனக்குச் செய்ததை எல்லார் முன்னாலும்தான் செய்தேன். மன்னிப்பை மட்டும் ரகசியமாகக் கேட்பது சரியாகப் படவில்லை.

போன வாரம் சபை மூப்பர்களிடம் ஒரு முடிவைச் சொன்னேன். இனி எந்த அடக்க ஆராதனையிலும் பைபிளின் ரோமர் 8:28-ஐ வாசிக்க மாட்டேன். ஒரு பெரியவர் பயந்துபோய், “ஐயா, அந்த வசனத்தை விசுவாசிக்கிறீங்கதானே?” என்று கேட்டார். விசுவாசிக்கிறேன். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்பதை இன்றைக்கும் நம்புகிறேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் பல ராத்திரிகளைத் தாண்டியிருக்கிறேன். ஆனால் பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒரு தாயைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அவரிடம் காரணம் சொல்லவில்லை. காரணம் என் பைபிளுக்குள் இருக்கிறது.

அந்தப் பக்கத்தின் கீழ் ஓரம் மடிந்திருக்கும். மெல்லிய தாள், எத்தனை தடவை நீவிவிட்டாலும் கோடு போகவில்லை. நீ மடித்தது. நான் பைபிளைத் திறந்து வாசிக்க வாயெடுத்தபோது நீ எழுந்து வந்து பக்கத்தின்மேல் கையை வைத்தாய். “இன்னைக்கு வேண்டாம் அண்ணா” என்றாய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கை ஈரமாக இருந்தது. கொஞ்சம் முன்னால்தான் தண்ணீர் தொட்டு அவன் தலையை வாரிவிட்டிருந்தாய்.

உன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். சுண்டுவிரலில் ஆரம்பித்து. மெதுவாகத்தான் எடுத்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மெதுவாக எடுத்தால் என்ன, எடுத்தேனே. பிறகு 25 நிமிடம் பேசினேன். முடிந்ததும் வரிசையாக வந்து கைகொடுத்தார்கள். “ரொம்ப ஆறுதலா இருந்துச்சு ஐயா.” நீ எங்கே உட்கார்ந்திருந்தாய் என்றுகூட நான் பார்க்கவில்லை.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதை வாசிக்காமல் விட்டிருந்தால் அந்த இடத்திலேயே உடைந்திருப்பேன். நிற்கிறவனே விழுந்துவிட்டால் வந்தவர்கள் எதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். அவன் எனக்கும் பிள்ளைதான். ஜெபம் முடியும் முன்பே என் மடியிலிருந்து “ஆமென்” என்று கத்துவானே, அந்தச் சத்தம் இல்லாத முதல் ஜெபத்தை நான்தான் செய்ய வேண்டியிருந்தது. எழுத எழுதத்தான் தெரிகிறது: நீ வேண்டாம் என்று கேட்டதை, எனக்கு வேண்டும் என்பதற்காக வாசித்தேன்.

இரண்டு வசனம் மேலே பார்த்திருக்கலாம். ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று 26-ல் இருக்கிறது. அதற்கும் மேலே 22-ல் சர்வ சிருஷ்டியும் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது. அடுத்த வசனத்தில் நாமும் தவிக்கிறோம். இத்தனை தவிப்பையும் நடந்து கடந்துதான் அதை எழுதிய பவுல் 28-க்கு வந்து சேருகிறார். நான் நேராக அங்கே போய் இறங்கினேன், உன்னையும் இழுத்துக்கொண்டு.

யோவான் 11-ஐயும் எத்தனையோ கல்லறைகளில் வாசித்திருக்கிறேன். இறந்துபோன லாசருவின் சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள், 21-ல் அவள், 32-ல் இவள்: “ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்.” மார்த்தாளோடு இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாள் அழுவதைப் பார்த்ததும் அந்தப் பேச்சே எழவில்லை. “அவனை எங்கே வைத்தீர்கள்” என்று கேட்கிறார், அவ்வளவுதான். அப்புறம் இயேசு கண்ணீர் விட்டார். லாசருவை எழுப்பத்தான் வந்திருக்கிறார், அது தெரிந்தும் அழுதார். எழுப்ப வழியில்லாத நான் அழாமல் நின்றேன்.

ஆனால் மரியாள் அவர் பாதத்தில் விழுந்துதான் அதைச் சொன்னாள். நீ போய்விட்டாய். அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சொந்தத் தங்கச்சியே வருவதில்லை என்ற பார்வையை வாங்கிக்கொண்டு 500 ஞாயிறுக்கு மேல் பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “அண்ணா, நீ எப்படி இருக்கே” என்று கேட்டிருப்பாயா? அண்ணனுக்கு வாயில் வசனம்தான், மனசு கிடையாது என்று சொன்னாயாம். என் காதுக்கு வந்தது. கோபித்துக்கொண்டு போக உனக்கு ஓர் இடம் இருந்தது. நான் எங்கே போவேன்?

இந்தப் பத்தியை அழிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும். நீயும் ஒருமுறை போனில், “ஜெபம் வரல, அவரைத் திட்டத்தான் வருது” என்றாய். அப்படிப் பேசாதே என்று கண்டித்தேன். அன்றைக்கு 88-ம் சங்கீதத்தைத் திற என்று சொல்லியிருக்க வேண்டும். புலம்பலாக ஆரம்பிக்கிற சங்கீதங்கள் பெரும்பாலும் போகப்போகத் துதியாக மாறும். இது மாறாது. “எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்” என்று அப்படியே நின்றுவிடும். அதையும் கர்த்தர் தம்முடைய வேதத்தில் வைத்திருக்கிறார். நீ பேசியதை அவர் தாங்கியிருப்பார். எனக்குத்தான் தாங்கவில்லை.

போன மாதம் ஒரு வீட்டுக்குப் போனேன். யார் வீடு என்று இங்கே வேண்டாம். தரையில் அந்தத் தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவர், “ஃபேனைப் போடவா ஐயா?” என்றார். போடுங்க என்றேன். எழுந்து வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நானும் எடுத்துவிடவில்லை.

பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்கள் இரவுபகல் ஏழு நாள் அப்படித்தான் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆரம்பித்தபிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அவர்களைப் பார்த்து, நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். என் தாசனாகிய யோபுவிடம் போங்கள், அவன் உங்களுக்காக வேண்டுதல் செய்வான் என்றும் சொல்கிறார். இத்தனை வருடம் உனக்காக ஜெபிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அந்த வசனத்தில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று பார்க்கவே இல்லை.

ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் விடியும்போதே கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிடுவேன். அவன் கல்லைச் சுற்றிப் புல்லைப் பிடுங்கிவிட்டு, நீ வருவதற்குள் போய்விடுவேன். தோட்டக்காரர் செய்கிறார் என்று நினைத்திருப்பாய். நாளைக்குப் போக மாட்டேன். அங்கேயே இருப்பேன். பைபிள் வீட்டில் இருக்கும். என்னைப் பார்த்ததும் நீ திரும்பிப் போனால் பின்னால் வந்து கூப்பிட மாட்டேன்.

வந்தால், பேச வேண்டாம்மா. உட்காரு.

அண்ணன்