மலைக்கு அந்தப் பக்கம் வீடு மலிவா, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து போட்டு அனுப்பிய கணக்குத் தாளைப் பார்த்தேன். கலிஃபோர்னியாவில் எங்கே வீடு வாங்கலாம் என்று பார்க்க, சான்டா கிளாரா, ஆலமீடா, கான்ட்ரா காஸ்டா, சான் வாக்கீன், சான் பெனிட்டோ என்று ஐந்து கவுன்ட்டியை, அதாவது நம் ஊர் மாவட்டம் மாதிரி, வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும்) வீட்டு விலையை இடைநிலைக் குடும்ப வருமானத்தால் வகுத்திருக்கிறீர்கள். வகுத்ததில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தில் வரும் எண் அந்தந்த ஊர்க்காரர்களின் நிலைமையைச் சொல்கிறது. உங்கள் நிலைமையைச் சொல்லவில்லை.

சான் வாக்கீனில் வீட்டு விலை குறைவு, அங்குள்ள வருமானமும் குறைவு. அதனால் வகுத்து வரும் எண் அங்கே பெரிதாக இறங்காது. நீங்களோ சான் ஹோசே சம்பளத்தை எடுத்துக்கொண்டு ஆல்டமான்ட் மலையைத் தாண்டிப் போகப் போகிறீர்கள். ஐந்து வரிசையிலும் வகுக்க வேண்டியது உங்கள் இருவர் வருமானத்தால்தான். இன்னொன்று, கவுன்ட்டியின் இடைநிலை வருமானத்தில் 1985இல் வீடு வாங்கி இன்று நிம்மதியாக இருப்பவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். வாடகையை அந்த எண்ணோடு ஒப்பிட்டால் வாடகை எளிதாகத் தெரியும். சென்சஸ் நடத்தும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயில் பி25119 என்ற அட்டவணை, சொந்த வீட்டுக்காரர் வருமானத்தையும் வாடகைக்காரர் வருமானத்தையும் தனித்தனியாகத் தருகிறது. வாடகைக்கு பி25064 அட்டவணையை எடு. அதில் வாடகையோடு கரன்ட், தண்ணீர், கேஸ் செலவும் சேர்ந்திருக்கும், அதனால் மறுபடி கூட்டாதே. ஓராண்டுப் புள்ளிவிவரம் 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான் வரும். சான் பெனிட்டோ அந்தக் கோட்டின் ஓரத்தில் நிற்கும் சின்ன கவுன்ட்டி. ஒரு வரிசையில் ஓராண்டு எண்ணும் அடுத்ததில் ஐந்தாண்டு எண்ணும் கலந்துவிட்டால் ஒப்பீடே கெட்டுவிடும்.

மாப்பிள்ளை எடுத்துக் காட்டியிருக்கும் கலிஃபோர்னியா ரியல்டர்கள் சங்கத்தின் காலாண்டுக் குறியீடு நல்ல குறியீடுதான். எதை அளக்கிறது என்று தெரிந்து படிக்க வேண்டும். ஏற்கெனவே கட்டப்பட்ட தனி வீட்டின் இடைநிலை விலையை எடுத்து, 20 சதவீதம் முன்பணம் கட்டி, தவணை, வரி, இன்சூரன்ஸ் மூன்றும் வருமானத்தில் 30 சதவீதத்துக்குள் அடங்குவதாக வைத்தால், கவுன்ட்டியில் எத்தனை சதவீதக் குடும்பங்களால் வாங்க முடியும் என்பது அதன் கேள்வி. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய டவுன்ஹோம் அந்தக் கணக்கில் இல்லை. ஆலமீடா கவுன்ட்டியில் ஃப்ரீமான்டில் நீங்கள் பார்ப்பதோ டவுன்ஹோம்.

மத்திய வீட்டுவசதித் துறை வெளியிடும் நியாய வாடகை எண்ணையும் தாளில் சேர்த்திருக்கிறாய். ஆலமீடாவுக்கும் கான்ட்ரா காஸ்டாவுக்கும் ஒரே எண் வருவதைப் பார்த்துத் தவறாக நகல் எடுத்துவிட்டோமோ என்று கேட்டிருந்தாய். இல்லை அம்மா, அந்த இரண்டையும் அவர்கள் ஒரே பகுதியாக வைத்திருக்கிறார்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்க அந்த எண் உதவாது. அஞ்சல் குறியீடு வாரியாக வேறொரு பட்டியல் இருக்கிறது, அதைப் பயன்படுத்து.

இனி உங்கள் கணக்கு. இரண்டு வீட்டை எதிரெதிரே வைக்கிறேன். விலையும் வரி விகிதமும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உண்மையான வீடு கிடைத்ததும் மாற்றிக்கொள். வட்டி இரண்டுக்கும் 6.5 சதவீதம், 30 ஆண்டு, 20 சதவீதம் முன்பணம். இந்த வட்டியில் ஆயிரம் டாலர் கடனுக்கு மாதம் 6 டாலர் 32 சென்ட் தவணை என்று மனதில் வைத்துக்கொள்.

சான் வாக்கீன் கவுன்ட்டியில் இருக்கும் மவுன்டன் ஹவுஸ் ஊரில் தனி வீடு 8,50,000 டாலர். கடன் 6,80,000, தவணை 4,298. சொத்து வரி 1.1 சதவீதம் என்றால் மாதம் 779. சிறப்பு வரிகள் 300, இன்சூரன்ஸ் 150. மொத்தம் 5,527.

ஃப்ரீமான்ட் டவுன்ஹோம் 10,50,000 டாலர். கடன் 8,40,000, தவணை 5,309. வரி 1.15 சதவீதத்தில் 1,006. சங்கக் கட்டணம், அதுதான் எச்ஓஏ, 450. உள்பகுதி இன்சூரன்ஸ் 60. மொத்தம் 6,825.

தாளில் பார்த்தால் மலைக்கு அந்தப் பக்கம் மாதம் 1,298 டாலர் மிச்சம். இப்போது காரைச் சேர். மவுன்டன் ஹவுஸிலிருந்து சான் ஹோசேக்கு ஒரு வழி சுமார் 50 மைல், ஃப்ரீமான்டிலிருந்து சுமார் 15. வருமான வரித் துறை 2025க்கு ஒரு மைலுக்கு 70 சென்ட் என்று வைத்திருந்தது. பெட்ரோல், டயர், தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாம் அதில் அடக்கம். ஒருவர் மாதம் 21 நாள் போய்வந்தால் அங்கே 1,470, இங்கே 441. மிச்சம் 269 டாலராகச் சுருங்கிவிடுகிறது. நீங்கள் இருவரும் தனித்தனி காரில் ஐந்து நாளும் போனால் மவுன்டன் ஹவுஸ் 8,467, ஃப்ரீமான்ட் 7,707. மலிவு வீடு மாதம் 760 டாலர் கூடுதலாகிவிட்டது. இருவருக்கும் வாரம் மூன்று நாள், மாதம் 13 நாள்தான் ஆபீஸ் என்றால் 7,347க்கும் 7,371க்கும், ஏறக்குறைய சமம்.

நியாயமாக இரண்டு திருத்தம் சொல்ல வேண்டும். ஃப்ரீமான்டுக்கு முன்பணம் 40,000 டாலர் அதிகம். அதை 4 சதவீதத்தில் போட்டு வைத்தால் மாதம் 133 வரும், அது மவுன்டன் ஹவுஸ் பக்கம் சேரவேண்டிய லாபம். அதேபோல் தேய்மானம் மாதாமாதம் கையிலிருந்து போகாது, கார் மாற்றும்போது மொத்தமாகப் போகும். இதையெல்லாம் சேர்த்தாலும், முடிவைத் திருப்புவது கவுன்ட்டி விலை இல்லை, வாரத்துக்கு எத்தனை நாள் எத்தனை பேர் 580ஆம் நெடுஞ்சாலையில் ஏறுகிறீர்கள் என்பதுதான். ஆபீஸில் மூன்று நாள் என்று இன்று சொல்வது எழுத்தில் இருக்கிறதா, மேனேஜர் வாய்ச்சொல்லா என்று மாப்பிள்ளையைக் கேட்கச் சொல். ஏஸ் ரயிலை நம்பலாம். மவுன்டன் ஹவுஸுக்குப் பக்கத்து ஊர் ட்ரேசியில் ஏறினால் லிவர்மோர், ஃப்ரீமான்ட் வழியாக சான் ஹோசே டிரிடான் வரை வரும். ஆனால் காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே மட்டும்தான் ஓட்டம். நடுப்பகலில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் அந்த ரயில் உதவாது.

கவுன்ட்டிக் கோடு உண்மையிலேயே வேலை செய்கிற இடம் ஒன்று உண்டு, கடன் வரம்பு. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடனை வாங்கும் நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் வாங்கிக்கொள்ளும் கடனுக்கு 2025இல் பொது வரம்பு 8,06,500 டாலராக இருந்தது. சான்டா கிளாரா, ஆலமீடா, கான்ட்ரா காஸ்டாவில் 12,09,750. சான் வாக்கீனில் பொது வரம்புதான். மேலே சொன்ன 8,40,000 டாலர் கடன் ஃப்ரீமான்டில் சாதாரணக் கடன், அதே தொகை மவுன்டன் ஹவுஸில் வரம்பைத் தாண்டிய ஜம்போ கடன். ஜம்போ என்றால் வங்கி தன் இஷ்டத்துக்கு விதி வைக்கும். கையிருப்பாகப் பல மாதத் தவணை காட்டச் சொல்லும். வியப்பு என்னவென்றால் ஹாலிஸ்டர் இருக்கும் சான் பெனிட்டோவுக்கும் உயர்ந்த வரம்புதான். அது சான் ஹோசே பெருநகரப் பகுதியில் சேர்ந்திருக்கிறது, பகுதியிலேயே விலை உயர்ந்த கவுன்ட்டியை வைத்து மொத்தப் பகுதிக்கும் வரம்பு போடுகிறார்கள். அதற்காக ஹாலிஸ்டருக்கு ஓடிவிடாதே. 25ஆம் நெடுஞ்சாலை பெரும்பாலும் இரு தடச் சாலை, காலையில் 101ஆம் நெடுஞ்சாலையைத் தொடுவதற்குள் பொறுமை போய்விடும்.

சொத்து வரியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள், இதை நிதானமாகப் படி. 1978இல் வந்த 13ஆம் முன்மொழிவின்படி அடிப்படை வரி, வாங்கிய விலையில் 1 சதவீதம். மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அதன்மேல் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட பள்ளி, கல்லூரிக் கடன் பத்திரங்களுக்கான விகிதம் சேரும். அந்தச் சேர்க்கை கவுன்ட்டிக்கு ஒன்று என்று இல்லை, வரி விகிதப் பகுதி என்ற சின்னச் சின்ன வட்டத்துக்கு ஒன்று. ஒரே ஊரில் இரண்டு தெருவுக்கு வேறு வேறாக இருக்கலாம். இணையத்தில் வீட்டு விளம்பரத்தின் கீழே “கடந்த ஆண்டு வரி” என்று ஒரு சின்ன எண் இருக்கும். அது விற்பவர் எப்போதோ வாங்கிய விலைக்கான வரி. நீ வாங்கியதற்கு அடுத்த மாதத்திலிருந்து உன் விலைக்கு மாறிவிடும்.

மாறுகிற அந்த வித்தியாசத்துக்குத் தனி பில் வரும், சப்ளிமென்டல் பில் என்பார்கள். விற்பவரின் பதிவு மதிப்பு 4,00,000, நீ வாங்கியது 8,50,000 என்றால் வித்தியாசம் 4,50,000. அதற்கு 1.1 சதவீதம் 4,950. செப்டம்பரில் வாங்கினால் அக்டோபர் முதல் ஜூன் வரை ஒன்பது மாதத்துக்கு, சுமார் 3,700 டாலர். ஜனவரியிலிருந்து மே முடிய வாங்கினால் இப்படி இரண்டு பில். வழக்கமான வரியை வங்கி எஸ்க்ரோவிலிருந்து, அதாவது தவணையோடு பிடித்து வைக்கும் கணக்கிலிருந்து, கட்டிவிடும். இந்த பில்லைப் பொதுவாகக் கட்டாது, உன் பெயருக்கு நேராகத் தபாலில் வரும். வங்கி கட்டியிருக்கும் என்று நினைத்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு அபராதம் கட்டியவர்கள் நிறையப் பேர். வாங்கும் நாளிலேயே அந்தப் பணத்தைத் தனியே எடுத்து வை.

அடுத்தது மெல்லோ-ரூஸ், 1982ஆம் ஆண்டுச் சட்டம். புதுக் குடியிருப்பில் சாலை, பள்ளி, பூங்கா கட்டிய கடனை அங்கு வாங்குபவர்கள் தலையில் ஆண்டு வரியாக ஏற்றுவது. விலை இறங்கினாலும் இது இறங்காது. மவுன்டன் ஹவுஸ் 2024 ஜூலையில்தான் நகரமானது. அதற்கு முன்பிருந்தே சாலை, பூங்கா, பாதுகாப்பு என்று தனித்தனிச் சிறப்பு வரி அங்கே உண்டு. வரி பில்லை எடுத்துப் பார்த்தால் மேல்பாதியில் மதிப்பைப் பெருக்கி வரும் வரி இருக்கும். கீழ்ப்பாதியில் டாலராகவே எழுதியிருக்கும் வரிசைகள்தான் இவை. ஒவ்வொரு வரிசையையும் கூட்டு. எந்த ஆண்டு முடியும், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறலாம் என்று கேள். வீட்டின் உரிமைப் பத்திரத்தைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனியின் முதல்நிலை அறிக்கையிலும் வரும். மாதம் 100 டாலர் சிறப்பு வரி என்றால் வங்கி உனக்குத் தரும் கடனில் ஏறக்குறைய 15,800 டாலர் குறையும். விலையில் தெரியாத விலை அது.

ஆலமீடா கவுன்ட்டியின் ஓக்லண்டும் உங்கள் பட்டியலில் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். 3 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் டாலர் வரையான வீட்டுக்கு அந்த நகரம் 1.5 சதவீதம் கைமாற்று வரி வாங்குகிறது. வாங்குபவரும் விற்பவரும் பாதிப் பாதி போடுவது அங்கே வழக்கம். 9 லட்சம் வீட்டுக்கு உன் பங்கு 6,750.

இன்சூரன்ஸ் இப்போது விலையைவிடப் பெரிய கேள்வி. ஓரிண்டா, லஃபயெட் மலைப்பக்கம் காட்டுத்தீ அபாய வரைபடத்தில் வருகிற வீடுகளுக்குச் சாதாரண கம்பெனி கிடைக்காமல், வேறு வழியில்லாதவர்களுக்கான ஃபேர் பிளான் இன்சூரன்ஸுக்குப் போக வேண்டிவரலாம். அது பெரும்பாலும் தீயை மட்டும் பார்க்கும். திருட்டு, குழாய் உடைப்பு, மற்றவர் அடிபட்டால் வரும் பொறுப்பு இவற்றுக்குத் தனி பாலிசி வேண்டும், இரண்டு பிரீமியம். லாத்ரப், ஸ்டாக்டன் பக்கம் தாழ்ந்த நிலம், வெள்ள வரைபடத்தைப் பார். விலை பேசி முடித்த பிறகு இல்லை, கண்டிஷன்களை நீக்கிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுத்தில் ஒரு கொட்டேஷன் கையில் இருக்க வேண்டும்.

கரன்ட் பில்லும் கவுன்ட்டியைப் பார்த்து வராது. சான்டா கிளாரா நகரத்துக்குச் சொந்த மின் வாரியம் உண்டு, பக்கத்திலேயே சன்னிவேலில் பிஜி அண்ட் ஈ என்ற தனியார் கம்பெனி. நகர வாரியத்தின் கட்டணம் அதைவிட நன்றாகவே குறைவு. மவுன்டன் ஹவுஸுக்கு மொடெஸ்டோ பாசன வாரியம் கரன்ட் தருகிறது. கோடையில் அந்தப் பக்கம் 100 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டும், ஏசி இல்லாமல் முடியாது. விற்பவரிடம் ஜூலை, ஆகஸ்ட் பில்லைக் கேட்டு வாங்கு.

வாங்காமல் ஓர் ஆண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மாநிலச் சட்டப்படி வாடகை ஆண்டுக்கு 5 சதவீதமும் விலைவாசி ஏற்றமும் சேர்ந்து, அதிகபட்சம் 10 சதவீதம்தான் ஏறலாம். கட்டி 15 ஆண்டு ஆகாத கட்டடத்துக்கு இது பொருந்தாது. தனிநபருக்குச் சொந்தமான தனி வீட்டில், ஒப்பந்தத்திலேயே விலக்கு என்று எழுதிக் கொடுத்திருந்தால் அதற்கும் பொருந்தாது. சான் ஹோசேயில் 1979 செப்டம்பர் 7க்கு முன் கட்டிய அபார்ட்மென்டுகளுக்கு நகரத்தின் தனி உச்சவரம்பு, 5 சதவீதம். பளபளப்பான புதுக் கட்டடத்தில் முதல் மாத இலவசத்தைப் பார்த்து மயங்காதே. இரண்டாம் ஆண்டு வாடகை என்ன என்று கேள்.

தாளைத் திருத்தும்போது கவுன்ட்டிப் பெயர் இருந்த இடத்தில் வீட்டு முகவரியை வை. கடைசிக் கட்டத்தில் விகிதத்துக்குப் பதிலாக, வரி பிடித்தபின் கையில் வரும் சம்பளத்திலிருந்து எல்லாம் போக மாதம் எவ்வளவு மீதி என்று எழுது. டேகேர் செலவையும் சேர், அது ஒரு தவணை அளவுக்கு இருக்கும். பிடித்த மூன்று வீட்டின் பார்சல் எண்ணை, அதாவது வரிப் பதிவில் மனைக்குத் தரும் எண்ணை, எனக்கு அனுப்பு, வரி பில்லின் கீழ்ப்பாதியை நானும் ஒருமுறை கூட்டிப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓப்பன் ஹவுஸ், அதாவது விற்பனைக்குத் திறந்து வைத்திருக்கும் வீடு, பார்க்கப் போய் 40 நிமிடத்தில் வந்துவிட்டோம் என்று சொல்லாதே. செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு மவுன்டன் ஹவுஸிலிருந்து கிளம்பி ஆபீஸ் வாசல் வரை ஓட்டிப் பார்த்து, எத்தனை மணிக்குச் சேர்ந்தாய் என்று எழுது.

அன்புடன்,
அப்பா