குளோன் போட்டுப் பிழையை மறைக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செங்கோட்டை, புளியரையிலும், மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்து ஆரியங்காவு, தென்மலையிலும் கணினி படிக்கிற பிள்ளைகள் ரஸ்ட் (Rust) என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்கியிருக்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலே 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் ரஸ்டுக்கு இடம் கொடுத்துவிட்டதால் இது நல்ல முயற்சிதான். ஆனால், 'கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) பிழை காட்டுகிறதா, ஒரு குளோன் (மதிப்பை நகலெடுக்கும் கட்டளை) சேர்த்துவிடு' என்று சொல்லிக்கொடுப்பது எங்களுக்குப் பெரிய கவலையாக இருக்கிறது.

இ0502 (E0502) என்ற எண்ணோடு ரஸ்ட் கம்பைலர் காட்டும் பிழையைப் பாருங்கள். வெக்டர் என்னும் வளரும் பட்டியலின் முதல் உறுப்புக்கு ரெஃபரன்ஸ் (அது இருக்கும் இடத்தைச் சுட்டும் குறிப்பு) எடுத்து வைக்கிறோம், அதே வெக்டரில் புஷ் செய்து புது உறுப்பைச் சேர்க்கிறோம், பிறகு ரெஃபரன்ஸை அச்சிடுகிறோம். நினைவகத்தில் ஒதுக்கிய இடம் நிரம்பியிருந்தால், புஷ் பெரிய இடமாகப் பார்த்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பழைய இடத்தை விடுவித்துவிடக்கூடும். நம் ரெஃபரன்ஸ் அந்தப் பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் ரஸ்ட் கம்பைலர் தடுக்கிறது. சி மொழியில் இதே தவறு கம்பைல் ஆகிவிடும். சோதனையில் இடம் நிரம்பாததால் ஓடியும் விடும். பயனாளரிடம் போனபிறகுதான் விழும். அச்சிடும் வரியைப் புஷ்ஷுக்கு மேலே ஏற்றினாலே தீர்ந்தது, ஏனென்றால் இப்போதைய ரஸ்டில் ரெஃபரன்ஸின் பிடி அது கடைசியாகப் பயன்படும் இடத்தோடு விட்டுவிடுகிறது. வரிசையை மாற்ற முடியாவிட்டால் ரெஃபரன்ஸுக்குப் பதிலாக இன்டெக்ஸை (உறுப்பின் வரிசை எண்ணை) வைத்துக்கொள்ளலாம்.

குளோனே கூடாது என்பதில்லை. ஒரே மதிப்பைப் பல இடங்கள் பகிர உதவும் ஆர்சி-யைக் (Rc) குளோன் செய்தால் பகிர்வோர் எண்ணிக்கை ஒன்று கூடும், அவ்வளவுதான். பெரிய வெக்டரை லூப்புக்குள் குளோன் செய்தால் சுற்றுக்கு ஒரு முழு நகல். அதைவிட மோசம், நகலில் செய்த திருத்தம் மூலத்துக்கு வராது. கம்பைலரும் வாய் திறக்காது.

ரெஃபரன்ஸ் எதுவரை செல்லும் என்பதற்கான லைஃப்டைம் குறியைப் போட்டால் மதிப்பின் ஆயுள் நீளும் என்றும் பலர் நம்புகிறார்கள். நீளாது. திரும்பி வரும் ரெஃபரன்ஸ் எந்த உள்ளீட்டைச் சார்ந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஃபங்ஷனுக்குள் உருவான ஸ்ட்ரிங்குக்கு (எழுத்துத் தொடருக்கு) ரெஃபரன்ஸ் திருப்பித் தர எந்தக் குறியும் உதவாது. உரிமையோடு ஸ்ட்ரிங்கையே கொடுத்துவிட வேண்டும். புதியவர்கள் ஸ்ட்ரக்ட்டிலும் (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பிலும்) சொந்த ஸ்ட்ரிங்கையே வைப்பது நல்லது.

'ரஸ்ட்சி --எக்ஸ்ப்ளெய்ன்' (rustc --explain) என்ற கட்டளையோடு பிழை எண்ணைக் கொடுத்தால், தவறான நிரலும் காரணமும் திருத்தமும் திரையில் வரும். இதற்கு இணையம் வேண்டாம். மலையடிவாரத்தில் சிக்னல் போன நேரத்திலும் வேலை செய்யும். விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால், பயிற்சி மையங்கள் இ0382, இ0499, இ0502, இ0505, இ0597 ஆகிய ஐந்து பிழைகளையும் மாணவர்களே வேண்டுமென்று வரவழைக்கச் செய்து, தமிழிலும் மலையாளத்திலும் விளக்கிச் சொல்ல வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர்கள் சிலர்,
செங்கோட்டை.