அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு: பள்ளித் தோட்டமும் கண்மாய்க்கரையும் குறித்து

அன்பிற்குரிய பெற்றோர்களுக்கும், பேரப்பிள்ளைகளைப் பொறுப்பேற்று வளர்த்துவரும் தாத்தா பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நிறைவடைந்தன. நாளை மறுநாள் முதல் விடுமுறை. இந்தப் பருவத்தில் நம் மாணவர்கள் வட்டார விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் கலந்துகொண்டு பரிசுகளுடன் திரும்பினார்கள். பத்தாம் வகுப்புக்கான மாலை நேர வகுப்புகள் தடையின்றி நடந்தன. மழைக்கு ஒழுகிய வகுப்பறைக் கூரையைப் பள்ளி மேலாண்மைக் குழு சீர்செய்து கொடுத்தது. உழைத்த அனைவருக்கும் நன்றி. விடைத்தாள்களும் மதிப்பெண் பட்டியலும் பள்ளி திறந்த முதல் வாரத்தில் வழங்கப்படும்.

இவற்றைத் தெரிவிப்பதற்கு அறிவிப்புப் பலகையே போதுமானது. கடிதமாக எழுத வேண்டியிருப்பது வேறொரு காரணத்துக்காக.

ஐப்பசியில் மழை பிடித்தது முதல், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் நடக்கும் தோட்டப் பணியிலிருந்து தங்கள் பிள்ளையை விலக்கிவிடுமாறு பெற்றோர் பலர் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். சீருடையில் சேறு படிகிறது என்று சிலரும், அந்த நேரத்தில் டியூஷனுக்கு அனுப்ப வேண்டும் என்று சிலரும் எழுதியிருந்தீர்கள். இரண்டு மூன்று கடிதங்களில், மண்ணைக் கொத்துவதற்காகவா பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம் என்ற கேள்வி இருந்தது. முதலிரண்டு காரணங்களுக்கும் நேரத்தைச் சற்று மாற்றி வழி காணலாம். மூன்றாவது கேள்வியை என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. நாற்று நட்டும், களை பறித்தும், நூறு நாள் வேலைக்குப் போயும் பிள்ளையைப் படிக்கவைக்கும் ஒரு தாய்க்கு, பள்ளியும் அதே களைக்கொட்டைப் பிள்ளையின் கையில் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டால் மனம் கசக்கத்தான் செய்யும். அந்தக் கசப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால் தோட்டத்தில் நடப்பது கூலி வேலையும் அன்று, பள்ளியின் சில்லறை வேலையும் அன்று. விருப்பமுள்ள பிள்ளைக்கு ஆறடிக்கு மூன்றடியில் ஒரு பாத்தி கொடுக்கிறோம். அதில் என்ன விதைப்பது, எப்போது தண்ணீர் விடுவது, காய்த்ததைச் சத்துணவுக் கூடத்துக்குத் தருவதா வீட்டுக்கு எடுத்துச் செல்வதா என்பதையெல்லாம் அந்தப் பிள்ளையே முடிவு செய்கிறது. வீட்டிலும் வகுப்பிலும் ஒவ்வொன்றையும் பிறர் சொல்லிச் செய்யும் வயதில், தன் சொல்லுக்கு உட்பட்ட ஓரிடம் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அவர்கள் அங்கே நிற்கும் நிற்பிலேயே காணலாம்.

பள்ளிகளில் காய்கறித் தோட்டம் அமைப்பதற்கான வழிகாட்டுதல்களை மத்திய அரசு 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டது. நாமும் சத்துணவுக்குக் கீரையும் காயும் கிடைக்கும் என்ற எண்ணத்தில்தான் தொடங்கினோம். கீரை கிடைத்தது. அதைவிடப் பெரிதாக ஒன்று கிடைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தந்தை வெளிநாட்டு வேலைக்குப் போன பிறகு வகுப்பில் வாய் திறக்காமல் இருந்த ஒரு மாணவி, ஆடியில் புடலை விதை ஊன்றினாள். கொடி பந்தலேறிப் பிஞ்சு விட்டதும், அது சுருண்டுபோகாமல் நேராக வளர நுனியில் சிறு கல்லைக் கட்ட வேண்டும் என்று சத்துணவு அம்மா சொல்லிக் கொடுத்தார். கட்டிய கல் கனமா, பிஞ்சு அறுந்துவிடுமா என்று நாளுக்கு நான்கு முறை அவரிடம் போய்க் கேட்டாள். இரண்டு மாதங்களாக எங்கள் ஆசிரியர்கள் முயன்றும் கிடைக்காத பேச்சு அப்படித்தான் திரும்பி வந்தது. எடுத்ததற்கெல்லாம் கை நீட்டும் ஒரு மாணவனின் அவரைக் கொடியில் அசுவினி அடைந்தபோது, அவன் அதைப் பிடுங்கி எறிவான் என்றே நினைத்தேன். ஒரு வாரம் தினமும் காலையில் சாம்பல் தூவி, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்து, பாதிக் கொடியைக் காப்பாற்றினான். மீதிப் பாதி போனதையும் தாங்கிக்கொண்டான்.

இது என் கண்ணுக்கு மட்டும் தெரிந்த காட்சி அன்று. நெதர்லாந்தில் தோட்டம் போடும் பழக்கமுள்ள 30 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2011-ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டார்கள். முதலில் எல்லோருக்கும் மனஅழுத்தம் உண்டாக்கும் ஒரு பணியைக் கொடுத்தார்கள். பிறகு ஒரு பிரிவினரை அரை மணி நேரம் தோட்ட வேலை செய்யவும், மற்றவர்களை அறைக்குள் அமர்ந்து படிக்கவும் சொன்னார்கள். மனஅழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் கார்டிசால் இரு பிரிவினருக்குமே குறைந்தது என்றாலும், தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. கெட்டுப்போயிருந்த மனநிலை முழுமையாகத் திரும்பியதும் அவர்களுக்குத்தான். படிப்பைப் போற்றும் ஆசிரியை என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்: களைத்த மனத்தின் மேல் மேலும் படிப்பை ஏற்றுவதைவிட, அரை மணி நேரம் மண்ணில் கைவைத்துவிட்டுப் படிக்க அமர்வது நல்லது.

இனிக் கண்மாய்க்கு வருகிறேன். தோட்டத்திலிருந்து விலக்கப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் டியூஷனுக்குப் போகவில்லை. அவர்களில் சிலர் உரக்குழியில் மண்புழு தோண்டிச் சிரட்டையில் எடுத்துக்கொண்டு, புதரில் ஒளித்துவைத்த தூண்டிலுடன் நேராகக் கண்மாய்க்குப் போயிருக்கிறார்கள். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு மாலையில், மடைக்கு அருகே பாசியில் வழுக்கி ஒரு மாணவன் தண்ணீருக்குள் விழுந்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் துரட்டியை நீட்டிக் கரையேற்றினார். அவர் அந்த நேரத்தில் அங்கே இருந்ததால் மட்டுமே இக்கடிதத்தை இந்த விதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பையனின் பெயரையோ வகுப்பையோ இங்கே குறிப்பிட மாட்டேன்; நீங்களும் கேட்டு விசாரிக்க வேண்டாம். அன்றிரவு வீட்டில் அடியும் கிடைத்து, தூண்டிலும் அடுப்புக்குப் போனது. பயத்தில் செய்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று முதல் அந்தப் பிள்ளை யாரிடமும் சிரித்துப் பேசுவதில்லை.

தூண்டில் போடுவது சோம்பேறிகளின் வேலை என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் அப்படி நினைப்பதில்லை. என் தாயார் மறைந்த ஆண்டில் என் தந்தை வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போனார். உறவினர் வந்து ஆறுதல் சொல்லச் சொல்ல மேலும் ஒடுங்கினார். ஒருநாள் பரணிலிருந்த பழைய மூங்கில் கழியை எடுத்துத் துடைத்து, நரம்பு மாற்றி, மயிலிறகுத் தண்டில் தக்கை செய்து, என்னையும் உடன் அழைத்துக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போனார். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கிடைத்தவை நான்கு கெண்டைக் குஞ்சுகள். அவற்றையும் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். திரும்பி வரும்போதுதான், பல வாரங்களுக்குப் பிறகு, அம்மாவைப் பற்றி என்னிடம் பேசினார். முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்ல முடியாததை, தக்கையைப் பார்த்துக்கொண்டு அருகருகே அமர்ந்திருந்த பிறகு சொல்ல முடிந்தது. பதின்வயதுப் பிள்ளை தன்னிடம் எதையுமே சொல்வதில்லை என்று என் அறைக்கு வந்து கண்கலங்கும் பெற்றோருக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உளவியல் அறிஞர்களான ரேச்சல் கப்ளான், ஸ்டீபன் கப்ளான் இணையர் இதற்கொரு விளக்கம் தந்திருக்கிறார்கள். பாடம் கேட்பது, கணக்குப் போடுவது போன்றவற்றுக்கு நாம் வலிந்து செலுத்தும் கவனம் நேரம் செல்லச் செல்லக் களைத்துப்போகும். அது களைத்தால் எரிச்சலும் பொறுமையின்மையும் வரும். இலையசைவு, நீரலை போன்றவற்றின் மேல் கவனம் தானாகவே சென்று அமர்கிறது. அந்நேரத்தில் களைத்த கவனம் ஓய்வெடுத்து மீள்கிறது. தண்ணீரில் மிதக்கும் தக்கையைப் பார்ப்பது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் போரில் காயமுற்று வால்ட்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற வீரர்களுக்கு 2005-ஆம் ஆண்டிலிருந்து தூண்டில் மீன்பிடிப்பைக் கற்றுக்கொடுத்ததும் இத்தகைய ஆறுதலைக் கருதித்தான்.

நம் சிவகங்கைச் சீமையில் இது இரவல் வாங்க வேண்டிய அறிவும் அன்று. கோடையில் கண்மாய் வற்றும்போது ஊர்ப்பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகச் சுற்றுவட்டாரமே சேற்றில் இறங்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டு அலையும் விராலைப் பிடிக்கக் கூடாது என்று நம் தாத்தாக்கள் சொல்லிக் கொடுத்தார்கள். தாய்மீனையும் தந்தைமீனையும் இழந்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும் என்று அப்போதே தெரிந்துகொண்டோம். இரக்கத்தைப் பற்றி நான் நடத்திய எந்தப் பாடமும் அந்த ஒரு வார்த்தை அளவுக்குப் பிள்ளைகள் மனத்தில் பதிந்ததில்லை.

ஆகவே தூண்டிலைத் தடை செய்யுமாறு நான் கேட்கவில்லை. ஆனால் இனி எழுதுவதில் எந்தத் தளர்வும் இல்லை. நம் பள்ளியில் படிக்கும் எந்தப் பிள்ளையும், எந்த வகுப்பானாலும், நீந்தத் தெரிந்தாலும், பெரியவர் துணையின்றிக் கண்மாய்க்கோ ஊருணிக்கோ கிணற்றுக்கோ போகக் கூடாது. கோடையில் வண்டல் எடுத்த குழிகளை நாமே நடந்து கடந்திருக்கிறோம். இப்போது அதே இடத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. முழங்காலளவு நீரையும் அந்தக் குழியையும் மேலிருந்து பார்த்து யாராலும் பிரித்தறிய முடியாது. திறந்திருக்கும் மடை ஆளையே உள்ளிழுக்கும். அண்ணனோ அக்காளோ கூடப் போவது பெரியவர் துணையாகாது. கரையில் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதும் துணையாகாது. அன்று மாலை நான்கரை மணிக்குப் பள்ளியைவிட்டுச் சென்ற பிள்ளையை இருட்டும்வரை வீட்டிலிருந்து ஒருவரும் தேடவில்லை என்பதையும் வருத்தத்துடன் இங்கே பதிவு செய்கிறேன். இனித் தோட்டப் பணியிலிருந்து விலக்கக் கோருபவர்கள், அந்த நேரத்தில் பிள்ளை எங்கே, யாருடைய பொறுப்பில் இருக்கும் என்பதையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதில்லாத கடிதத்தை ஏற்க இயலாது.

மற்றொன்றையும் அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாகத் தூண்டிலை ஒடிப்பதையும், வீட்டில் வைத்த செடியைப் பிடுங்குவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மதிப்பெண் குறைந்த பிள்ளை ஏற்கெனவே துவண்டிருக்கிறது. எழுந்து நிற்க அதற்கிருக்கும் ஊன்றுகோலையும் நாம் பறிக்கக் கூடாது. அதே வேளையில், தோட்டமும் தூண்டிலும் மருத்துவத்துக்கு மாற்று என்றும் எண்ண வேண்டாம். உறக்கமும் உணவும் குறைந்து பல நாட்களாக ஒதுங்கியே இருக்கும் பிள்ளையைக் குறித்து என்னிடம் தயங்காமல் பேசுங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனையும் கிடைக்கிறது.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளை எங்களை நம்பி அனுப்புகிறீர்கள். அந்த நம்பிக்கையின் எடையை அன்று மாலை முழுமையாக உணர்ந்தேன். துரட்டி நீட்டிய பெரியவருக்கு ஆசிரியர்கள் அனைவரும் நேரில் சென்று நன்றி சொன்னோம். விதை கொடுத்த பாட்டிமார்களுக்கும், தட்டுக் கழுவும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பிக் கொடுத்த தந்தையர்க்கும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாமல் வேலி அடைத்துக் கொடுத்தவர்களுக்கும் நன்றி.

இக்கடிதத்துடன் ஒவ்வொரு பிள்ளையிடமும் வெண்டை, கொத்தவரை விதைகள் சிறு பொட்டலங்களாகக் கொடுத்தனுப்பியிருக்கிறோம். இடமில்லாத வீட்டில் ஒரு பழைய வாளியே போதும். தைப்பட்டத்தில் ஊன்றினால் மாசி நடுவில் முதல் வெண்டைக்காய் பறிக்கலாம். எங்கே ஊன்றுவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பொங்கல் விடுமுறைக்குப் பின் வரும் முதல் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, மீன்பாசிக் குத்தகைதாரரின் இசைவுடன், கண்மாயின் ஆழமில்லாத மேற்குக் கரையில் ஆசிரியர்கள் முன்னிலையில் தூண்டில் பழக்கும் வகுப்பு நடைபெறும். பெற்றோரோ தாத்தா பாட்டியோ உடன் வரும் பிள்ளைகள் மட்டுமே சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். முள் கட்டவும் தக்கை செய்யவும் தெரிந்த பெரியவர்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்தால் உதவியாக இருக்கும். அடுப்புக்குப் போன தூண்டிலுக்குப் பதிலாக ஒரு மூங்கில் கழியை நான் எடுத்துவைத்திருக்கிறேன். அந்தப் பிள்ளையின் வீட்டார் அன்று அவனை அழைத்துவந்து பெற்றுக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியை