நிக்ரூமாவும் கோகோ விலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் முதல் தலைவர் குவாமே நிக்ரூமாவைப் பற்றி எழுதுவோர் 1957 மார்ச் 6 விடுதலையிலிருந்து 1966 பிப்ரவரி 24 ராணுவக் கவிழ்ப்புக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள். இடையில் உள்ள கோகோ கணக்கை யாரும் தொடுவதில்லை.

1951 தேர்தலில் சிறையில் இருந்தபடியே அக்ராவில் வென்றவர் அவர்; 23,122 வாக்குகளில் 22,780 அவருக்குத்தான். அத்தனை செல்வாக்கு. ஆனால் 1954இல், விடுதலைக்கு முன்பே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் அமைந்திருந்த அவரது அரசு, 60 பவுண்டு எடையுள்ள ஒரு சுமை கோகோவுக்கு விவசாயி பெறும் விலையை 72 ஷில்லிங் என்று நான்கு ஆண்டுகளுக்குக் கட்டிப்போட்டது. உலகச் சந்தையில் விலை எகிறியிருந்த நேரம் அது. மிச்சப் பணம் வளர்ச்சித் திட்டங்களுக்கு என்றார்கள். நோக்கம் சரி, வயிறு எரிந்தது விவசாயிக்கு. கோகோ விளையும் அசாந்தி பகுதி கொதித்தது. அதே ஆண்டு அதன் தலைநகர் குமாசியில் எதிர்ப்பு இயக்கம் கிளம்பியது.

விசாரணையின்றி ஐந்தாண்டு வரை அடைக்கும் 1958 தடுப்புக்காவல் சட்டத்தையும் இந்தப் பகையோடு சேர்த்தே படிக்க வேண்டும். நிக்ரூமாவை 1947இல் தாயகத்துக்கு அழைத்த கட்சியின் தலைவர்களில் ஒருவரான டான்குவா, 1965இல் சிறையிலேயே இறந்தார். பின்னாளில் உலகச் சந்தையில் கோகோ விலை சரிந்தபோது கஜானாவும் காலி. அகோசோம்போ அணையைத் திறந்துவைத்த மறுமாதமே நிக்ரூமாவின் பதவி போனது. அப்போது அவர் இருந்தது சீனத் தலைநகர் பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்).

- வாசகர், மதுரை