மாண்டலினுக்கு ஆசிரியர் இல்லையே என்பவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் கர்நாடக இசைக் கலைஞர் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் பற்றி வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்த அவர் ஆறு வயதில் தந்தையின் மாண்டலினைக் கையில் எடுத்ததும், 1998இல் பத்மஸ்ரீ விருது பெற்றதும், 2014 செப்டெம்பர் 19 அன்று 45 வயதிலேயே மறைந்ததும் அதில் இருந்தன. ஆனால் அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துவிட்டார். என் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது அவருடைய கதைதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

வாய்ப்பாட்டு வித்துவான் செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவரான சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார்; பாடியதைச் சிறுவன் தன் கருவியில் தேடிப் பிடித்து வாசிப்பான்.

ஸ்ரீநிவாஸ் மறைந்தபோது நான் பாடசாலை மாணவன். அதன் பிறகே அவருடைய வாசிப்பைக் கேட்டேன். திருகோணமலையில் மாண்டலின் என்றதும் பெரியவர்களுக்குப் பைலா என்ற துள்ளல் பாட்டுகளும் பறங்கியர் வீட்டுக் கொண்டாட்டங்களுமே நினைவுக்கு வரும். 'அதை இங்கே ஆர் படிப்பிக்கிறது?' என்ற கேள்வியோடு அப்பா பேச்சை முடித்துவிட்டார். சுப்பராஜுவைப் பற்றி அறிந்த பின்னர், உவர்மலையில் வாய்ப்பாட்டு வகுப்பு நடத்திய ஆசிரியையிடம் போய் நின்றேன். 'நான் அதைத் தொட்டதே இல்லை, கொண்டு வாரும் பாப்பம்' என்றார்.

சாதாரண மாண்டலினில் எட்டுத் தந்திகள் இரட்டை இரட்டையாக இருக்கும். கமகத்துக்காக, அதாவது சுரத்தை அசைத்து வாசிப்பதற்காக, ஒரு சோடியைப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டும் ஒரே அளவில் ஏறாமல் சுருதி பிசகும். நாதமும் உடனே அடங்கிவிடும். ஸ்ரீநிவாஸ் ஒற்றைத் தந்திகளையும் மின்சார மாண்டலினையும் கைக்கொண்டதன் நியாயம், பழைய மாண்டலின் ஒன்றில் நான்கு தந்திகளைக் கழற்றிய பிறகுதான் எனக்கு விளங்கியது. தோடி ராகத்தின் காந்தார சுரத்தை ஆசிரியை பாடிக்கொண்டே இருப்பார். என் விரல் அந்த அசைவுக்கு வரும்வரை அடுத்த சுரத்துக்கு விடமாட்டார். உயர்தரத்தில் கணக்கியலை எடுக்க இருந்த நான் கர்நாடக சங்கீதத்தை எடுத்ததற்கு அந்த வகுப்பே காரணம்.

இன்று மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சங்கீதம் கற்பிக்கிறேன். வீட்டில் கிடந்த கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு, எனக்கு அது வாசிக்கத் தெரியாவிட்டாலும், பாடிக் காட்டுகிறேன், அவர்கள் தேடுகிறார்கள். (கீபோர்ட்டோடு வருபவர்களிடம் மட்டும் கமகத்துக்கு வழி சொல்ல முடியாமல் நிற்கிறேன்.) கருவிக்கு ஆசிரியர் இல்லை என்று பெற்றோர் பின்வாங்குவதை இன்றும் காண்பதால், சுப்பராஜு கற்பித்த முறையைப் பற்றித் தங்கள் இதழில் தனிக் கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன். திருகோணமலையில் எவர் வீட்டிலாவது பயன்படாத மாண்டலின் இருந்தால், தந்தி அறுந்ததாயினும், தங்கள் பத்திரிகை வாயிலாக அறியத் தந்தால் வந்து பெற்றுக்கொள்வேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.