ஷூவின் எடையும் களைத்த காலும்

அஸ்தம்பட்டி,
சேலம்.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு விரும்பிய கல்லூரியிலேயே இடம் கிடைத்த செய்தி கேட்டு வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. நாங்களும் நலமே. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும், கோவாவில் நடக்கும் அரை அயர்ன்மேன் போட்டிக்கு நீ பெயர் கொடுத்துவிட்டாய் என்பதைப் படித்ததும், பள்ளி நாட்களில் காந்தி மைதானத்தில் உன்னோடு ஓடிய எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை எழுத்தில் சொல்ல முடியாது. எடை மிகக் குறைந்த ஷூ எதுவோ அதையே வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்பட வேண்டாம் என்பதே என் பதில்.

எடைக்கு மதிப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் அதே வேகத்தில் ஓட உடலுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் அதிக ஆற்றல் தேவைப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நாம் அன்றாடம் அணியும் பயிற்சி ஷூ 280 கிராம் அளவிலும், பந்தய ஷூ 200 கிராமை ஒட்டியும் இருப்பதால், உனக்கு மிச்சமாவது அந்த ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான். அதற்காக எதை இழக்கிறோம் என்று பார். 1.9 கிலோமீட்டர் கடலில் நீந்தி, 90 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிட்டு இறங்கும் கால், விடியற்காலையில் வீட்டிலிருந்து புறப்படும் கால் போல் இருக்காது. தொடை இறுகிப்போய், காலடி வைக்கும் தூரம் குறுகி, குதிகால் தரையில் பலமாக விழத் தொடங்கும். அந்த நிலையில் 21.1 கிலோமீட்டர் தூரம் மெல்லிய அடிப்பாகம் கொண்ட ஷூவில் ஓடினால், பாதி வழியிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். முழு அயர்ன்மேன் போட்டியில் 180 கிலோமீட்டர் சைக்கிளுக்குப் பிறகு ஒரு முழு மாரத்தானே காத்திருக்கிறது என்பதால், அங்கே இது இன்னும் கடுமையாகத் தெரியும்.

அடிப்பாகத்துக்குள் கார்பன் தகடு வைத்த பந்தய ஷூவைப் பற்றியும் கேட்டிருந்தாய். 2017இல் நைக்கியின் அத்தகைய ஷூவான வேப்பர்ஃப்ளை வந்தபோது பேசப்பட்ட 4 சதவீத ஆற்றல் சேமிப்பு, தேர்ந்த ஓட்டக்காரர்களை மணிக்கு 14 முதல் 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவைத்து அளந்தது. நீயோ மணிக்குப் பத்து கிலோமீட்டருக்குள் ஓடப்போகிறாய். வேகம் குறையும்போது அந்தப் பலனும் குறைந்துவிடுகிறது. மேலும், உயரமான மெத்தென்ற நுரையும் ஒடுங்கிய குதிப்பகுதியும் சேர்ந்தால், களைத்த கணுக்கால் திருப்பங்களில் தள்ளாடும். இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து அந்தத் தொல்லையை நீ வாங்க வேண்டியதில்லை. 220 முதல் 240 கிராம் எடையில், நல்ல நுரையும் அகன்ற அடிப்பாகமும் கொண்ட, தகடில்லாத ஷூவே உனக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

அளவு விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். வெயிலில் மணிக்கணக்கில் இயங்கும் பாதம் வீங்கும். ஆகவே கடைக்கு மாலையில் போ. நின்ற நிலையில் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பார். இங்கே நாங்கள் ஏற்காடு மலைப்பாதையின் கடைசிச் சில கொண்டை ஊசி வளைவுகளில் அடிவாரம் நோக்கி மெதுவாக இறங்கி ஓடிப் பார்ப்போம். இறக்கத்தில் விரல் நுனி முன்பக்கத்தில் இடித்தால், அந்த ஷூ எவ்வளவு இலேசாக இருந்தாலும் போட்டி முடிவதற்குள் நகம் கறுத்துவிடும்.

இன்னொன்றையும் கவனி. ஷூவுக்குள் கையை விட்டு, நாக்குப் பகுதி தைக்கப்பட்ட இடத்தையும் குதியின் உள்விளிம்பையும் விரலால் தடவிப் பார். நெருடும் தையல் ஒவ்வொன்றும் ஈரத்தில் கொப்புளமாகும். வழியில் தலையில் ஊற்றிக்கொள்ளும் தண்ணீர் முழுவதும் கால் வழியாக ஷூவுக்குள்தான் இறங்கும். மேல்துணி வலைபோல் இருந்து நீரை வெளியே விடாவிட்டால், பார்த்துப் பார்த்துக் குறைத்த எடை திரும்ப ஏறிவிடும். கோவாவில் நீந்தி வருவது கடற்கரை மணல் வழியாக என்பதால், ஷூவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு துண்டும் உலர்ந்த சாக்ஸும் வைத்துக்கொள். சாக்ஸ் இல்லாமல் ஓடிச் சில நொடிகளை மிச்சப்படுத்துவது உன் போட்டிக்குத் தேவையில்லை. நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் எலாஸ்டிக் லேஸ் போட்டுக்கொள். முடிச்சுப் போடும் வேலையே இல்லை, பாதம் வீங்கும்போது அதுவும் சற்றே இளகிக்கொடுக்கும்.

இரண்டு ஜோடிகளுக்கு நடுவே மனம் ஊசலாடினால், ஒரு வார இறுதியில் இரண்டையும் எடுத்துக்கொண்டு சேலத்துக்கு வா. சனிக்கிழமை ஏற்காட்டுக்குச் சைக்கிளில் ஏறி இறங்கி, கோரிமேட்டில் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு வெயிலிலேயே ஓடுவோம். மறுநாள் மற்றொன்றைப் பார்ப்போம். எந்த வாரம் வசதிப்படும் என்று முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்